அவதாரப் புருஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

மொரோவிண்ட் என்ற வீடியோ கேமை ஆடியவர்களிடம் அதன் தொடக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால், பலரும் தார்ஹியலைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். சேய்டா நீன் என்ற சதுப்புநிலத் துறைமுகத்தைத் தாண்டிச் சாலையில் நடந்துகொண்டிருக்கிறோம். தலைக்கு மேலே ஓர் அலறல். நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒருவன் வானத்திலிருந்து விழுந்து கண்ணெதிரே செத்துப்போகிறான். உடம்பைச் சோதித்தால் ஒரு நாட்குறிப்பும் 3 மந்திரச் சுருள்களும் கிடைக்கும். துள்ளும் திறனை 7 விநாடிக்கு 1,000 புள்ளி கூட்டித் தருகிற சுருள்கள். எகிறுவதற்கு வழி கண்டுபிடித்தவன், இறங்குவதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆட்டத்தின் மையக் கதைக்கும் தார்ஹியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தப் பக்கமே போகாமல் ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆனாலும் அவன் விழுந்த அந்த ஒரு கணத்தில் அந்த உலகத்தின் நடைமுறை நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. பெரிய காரியத்துக்கு ஆசைப்பட்டுக் கிளம்பியவர்கள் இங்கே நமக்கு முன்னாலும் உண்டு. மண்ணைக் கவ்வியவர்களும் உண்டு. நாமும் கவ்வலாம்.

வீடியோ கேமுக்காக ஓர் உலகத்தைக் கட்டுகிறவர்களுக்கு இது பழைய தலைவலி. நம் காப்பிய இலக்கணம் 'தன்னேரில்லாத் தலைவன்' என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டது. காப்பியம் கேட்பவன் அந்தத் தலைவனை வெளியே நின்று அண்ணாந்து பார்க்கிறான், பிரச்சினை இல்லை. கேமிலோ கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருப்பவனே தலைவன். தனக்கு நிகரில்லை என்று அவனுக்கு யார் சொல்வது? திரையில் ஓடும் லெவல் எண் சொல்லும். அது வெறும் எண். அதற்கு எடை வருவது சுற்றியிருக்கும் சாமானியர்களால்தான்: கடைக்காரன், காவல்காரன், மீன் பிடிப்பவன், கதவைத் தட்டினால் எரிச்சலோடு திறப்பவள். கேம் உலகத்தில் இவர்களுக்கு என்பிசி என்று பொதுப்பெயர். புராண புருஷனை உண்டாக்குவது இவர்கள் வாய். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்போமே, அந்த ஊர் வாய் இல்லாத உலகத்தில் எத்தனை டிராகனைக் கொன்றாலும் அது கசாப்புக் கணக்குதான்.

பெதஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையை இதற்கு எடுத்துக்கொள்வது வசதி. மொரோவிண்ட் 2002, ஆப்லிவியன் 2006, ஸ்கைரிம் 2011. ஒரே கற்பனை உலகம், ஒரே நிறுவனம். மூன்றிலும் ஆடுகிறவன் கைதியாகத் தொடங்கி ஊரறிந்தவனாக முடிகிறான். ஆனால் ஊருக்கும் அவனுக்கும் உள்ள உறவு மூன்றிலும் மூன்று விதம்.

மொரோவிண்டில் நாம் சிறைக்கப்பலிலிருந்து இறங்குகிறோம். ஒரு குமாஸ்தா தொழில், பிறந்த ராசி எல்லாம் கேட்டுத் தாளில் பதிந்துகொள்கிறார். பால்மோரா ஊரில் காயஸ் கொசேடஸ் என்பவரிடம் ஒரு பொட்டலத்தைச் சேர்க்க வேண்டும். போய்ப் பார்த்தால், மேல்சட்டை போடாத ஒரு கிழவர், சின்ன வீடு, போதைப் பழக்கம் வேறு. பேரரசரின் உளவாளிகளுக்கு அந்த வட்டாரத்தில் தலைவர் இவர்தான். நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையில் கொஞ்சம் காசு கொடுத்து, எங்காவது வேலையில் சேர்ந்து நாலு விஷயம் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார். உலகத்தைக் காக்க வந்தவனுக்குக் கிடைக்கும் முதல் மரியாதை இது.

கதை போகப் போகத்தான் விவரம் தெரியும். பழங்கால வீரனான நெரெவார் மறுபிறவி எடுத்து வருவான் என்று அந்த மண்ணில் ஒரு தீர்க்கதரிசனம். வரப்போகிறவனுக்கு நெரெவரீன் என்று பெயர். குறித்த நாளில் பிறந்தவன், பெற்றோர் இன்னார் என்று நிச்சயமில்லாதவன் என்று அடையாளம் சொல்லியிருக்கிறது. அதற்கு நாம் பொருந்தி வருகிறோம் என்பதால் பேரரசர் சிறையிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறார். நிஜமாகவே மறுபிறவியா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். பொருந்துகிற மாதிரி ஒரு தோற்றம் இருந்தாலே அரசியலுக்குப் போதும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெரெவரீன் ஆவதற்குச் சாம்பல் மண்ணின் 4 நாடோடிக் குலங்களும் நம்மை அப்படி ஏற்று அறிவிக்க வேண்டும். 3 பெருங்குடிகளும் போர்த்தலைவன் என்று ஒப்ப வேண்டும். ஆக, 7 ஒப்புதல். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இந்த நடை புதிதாக இருக்காது. ஹ்லாலு குடியில் க்ராசியஸ் கியூரியோ என்ற பெரிய மனிதர் 1,000 பொற்காசு அன்பளிப்புக் கேட்கிறார். வெட்கமே இல்லாமல் கேட்கிறார். ஸைனாப் குலத்தலைவர் கௌஷாதுக்கு டெல்வானிப் பெருங்குடியிலிருந்து ஓர் உயர்குலப் பெண் மணமகளாக வேண்டும். அப்படி ஒருத்தி நாடோடிக் கூடாரத்துக்கு வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அடிமைச் சந்தையில் ஒரு பெண்ணை வாங்கி, பகட்டான உடுப்பு போட்டு, டெல்வானிச் சீமாட்டிகள் பூசும் வண்டுக் கஸ்தூரியைப் பூசி, சீமான் வீட்டுப் பெண் என்று சொல்லிக் கொண்டுபோய் விடுகிறோம். குலத்தலைவரும் மகிழ்ந்து ஒப்புதல் தருகிறார்.

லஞ்சம், கல்யாண மோசடி, அடிமை வியாபாரம். அவதாரம் உறுதிப்படுவது இப்படி. வேடிக்கையாகச் சொன்னாலும், அந்தப் பெண்ணை விலைக்கு வாங்கும்போது மவுஸைச் சொடுக்கும் விரல் ஒரு கணம் தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கம்தான் இந்த எழுத்தின் வெற்றி. நாம் தேவபுருஷனா, சாமர்த்தியசாலியான ஏமாற்றுக்காரனா என்ற கேள்வியை ஆட்டம் கடைசிவரை முழுதாக மூடிவைக்கவில்லை. அவதாரக் குகைக்குள் போனால் நமக்கு முன் நெரெவரீன் என்று கிளம்பித் தோற்றுப்போனவர்களின் ஆவிகள் நின்று பேசுகின்றன. அவர்களையும் யாரோ நம்பியிருக்கிறார்கள். மூல நெரெவார் எப்படிச் செத்தான் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை: கோயில்காரர்கள் சொல்வது போர்க்காயம், நாடோடிகள் சொல்வது கூட இருந்தவர்கள் செய்த கொலை. அந்தக் கூட இருந்தவர்களில் ஒருவரான விவெக் இப்போது தெய்வமாகி, தன் பெயரிலேயே உள்ள நகரத்தில் வீற்றிருக்கிறார். நேரில் போய்க் கேட்கலாம். பதில் வரும், தெளிவு வராது.

இன்னொன்று. மொரோவிண்டில் கடத்தல்காரர்கள் பதுங்கும் குகைக்குள் போனால், வாளை உருவிக்கொண்டு வருகிற ஒவ்வொருவனுக்கும் சொந்தப் பெயர் இருக்கும். ஸ்கைரிமில் அதே ஆளுக்கு மேலே 'கொள்ளையன்' என்று மட்டும் எழுதியிருக்கும். அகப்பாட்டில் தலைவன் பெயரைச் சுட்டக்கூடாது, புறப்பாட்டில் சுட்டலாம் என்று நம்மிடம் ஒரு பழைய விதி உண்டு. பெயர் சொன்னால் வரலாறு, சொல்லாவிட்டால் எல்லோருக்கும் பொது. கேம்களில் இது தலைகீழ். பெயரில்லாதவன் எல்லோருக்கும் பொதுவானவன் ஆவதில்லை, யாருக்கும் வேண்டாதவன் ஆகிறான். அவனை வெட்டினால் கை நடுங்காது. மொரோவிண்ட் பெயரைக் கொடுத்துவிட்டு வெட்டச் சொல்கிறது.

கதைக்கு இன்றியமையாத ஆளைக் கொன்றுவிட்டால் என்ன ஆகும் என்பதிலும் இதே நேர்மை. மொரோவிண்டில் கொல்லலாம். விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவ் கோப்புக்குத் திரும்பு, அல்லது நீயே கெடுத்துவைத்த இந்த உலகத்தில் தொடர்ந்து வாழ் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். அவ்வளவுதான். ஆப்லிவியனில் அத்தகைய ஆட்களுக்குச் சாவே கிடையாது. அடித்தால் மயங்கி விழுவார்கள், சற்று நேரத்தில் தூசி தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். யார் முக்கியம், யார் இல்லை என்பது கதையிலிருந்து நிரலுக்குள் போய்விட்டது. விழுந்தவன் எழுந்தால் பெரிய புள்ளி, எழாவிட்டால் சாமானியன்.

ஆப்லிவியன் சாமானியர்களுக்கு உண்மையில் நிறையவே கொடுக்கப் பார்த்தது. ரேடியன்ட் ஏஐ என்று பெயர் வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தினசரி ஒழுங்கை அமைத்தார்கள்: எழுவது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது, கோயிலுக்குப் போவது, தூங்குவது. அதே ஆட்டத்தில்தான் முதன்முறையாக வசனம் எல்லாமே குரலில் வந்தது. இங்கே கணக்கு இடித்தது. பேரரசர் யூரியல் செப்டிமுக்குக் குரல் பேட்ரிக் ஸ்டூவர்ட். அவருடைய மகன் மார்ட்டினுக்கு ஷான் பீன். ஊர் ஜனங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு சில நடிகர்கள். இரண்டு பேர் தெருவில் நின்று பேசிக்கொண்டால் ஒரே மனிதர் தன்னோடு தானே பேசுகிற மாதிரிக் கேட்கும். பிச்சைக்காரி நடுங்கும் கிழவிக் குரலில் காசு கேட்பாள், அடுத்த கேள்விக்குத் திடமான இளம்பெண் குரலில் பதில் சொல்வாள். பட்ஜெட் தாளில் இருந்த சாதி, உலகத்துக்குள்ளும் வந்துவிட்டது. எழுத்தில் வசனம் இருந்தவரை ஒரு மீனவனுக்கு இன்னொரு பத்தி எழுதுவது கிட்டத்தட்ட இலவசம். குரல் வந்தபின் ஒவ்வொரு வரிக்கும் விலை. விலை வந்தால் முதலில் வெட்டுவது யாருடைய வரி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் ஆப்லிவியன் ஒரு துணிச்சலைச் செய்தது. அதன் கதையின் உண்மையான நாயகன் நாம் இல்லை, மார்ட்டின். க்வாட்ச் என்ற ஊரில் பூசாரியாக இருந்தவன், தன் தகப்பன் யாரென்று தெரியாமல் வளர்ந்தவன். முடிவில் தன்னையே கொடுத்து ஊரைக் காப்பதும் அவன்தான். நாம் அவனுக்கு வழித்துணை. வாள்சண்டை அரங்கில் மகாவீரன் பட்டம் வாங்கினால் மட்டும் ஒரு ரசிகன் வந்து ஒட்டிக்கொள்வான். தலைமுடியைச் செங்குத்தாக நிறுத்திய மஞ்சள் முடிக்காரன், நம்மைப் புகழ்ந்தபடியே பின்னால் வருவான், சண்டை என்றால் ஓடிவிடுவான். ஆடுகிறவர்கள் அவனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுவதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருந்தார்கள். செத்தாலும் சில நாளில் திரும்பி வந்து நிற்பான். முழுநேரத் துதிபாடி எவ்வளவு எரிச்சல் என்று அந்த ஆட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்கைரிமை எழுதும்போது அது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

ஸ்கைரிமில் ஆட்டம் தொடங்கிச் சில மணி நேரத்திலேயே நாம் டிராகன்பார்ன், அதாவது டிராகனின் ஆன்மாவை உள்வாங்கப் பிறந்த அவதார வீரன். வைட்ரன் நகருக்கு வெளியே காவல்கோபுரத்தருகே முதல் டிராகனைக் கொன்றதும் அதன் ஆன்மா நமக்குள் இறங்குகிறது, மலையுச்சித் துறவிகள் வானதிர நம்மை அழைக்கிறார்கள். மறுப்பார் இல்லை, சான்று கேட்பார் இல்லை. அதன்பிறகு பட்டங்கள் தானாக வந்து விழுகின்றன. மொரோவிண்டில் மந்திரவாதிகள் சங்கத்தில் ஒரு படி ஏறுவதற்கும் இன்ன திறன் இத்தனை புள்ளி வேண்டும் என்று விதி இருந்தது. ஸ்கைரிமின் மந்திரக் கல்லூரியில் நாலைந்து மந்திரம் தெரிந்தவனும் தலைமைக் குரு ஆகிவிடலாம். கூடவே திருடர் கூட்டத் தலைவன், கொலைகாரர் கூட்டத் தலைவன், வீரர் அணித் தலைவன். எல்லாப் பதவியும் ஒருவனிடம் இருந்தால் பதவிக்கு என்ன மதிப்பு?

இந்த ஊதலுக்கு எதிராக, திட்டமிட்டோ திட்டமிடாமலோ, ஸ்கைரிமின் சாமானியர்கள் பழிவாங்கினார்கள். நகரக் காவலர்கள் நம்மைத் தாண்டிப் போகும்போது, நானும் உன்னைப்போல் ஊர்சுற்றியாக இருந்தவன்தான், முழங்காலில் ஓர் அம்பு பாய்ந்ததோடு சரி என்பார்கள். 2011 கடைசியில் இணையம் முழுக்க இந்த வரிதான். இத்தனை நாயகப் பேச்சுகளுக்கு நடுவே ஜனங்கள் மனப்பாடம் செய்தது, ஓய்வுபெற்ற ஒரு பெயரில்லாத காவல்காரனின் புலம்பலை. அதில் ஒரு முழு வாழ்க்கை இருந்தது, அதனால்தான். வைட்ரனில் நசீம் என்று ஒரு பண்ணைக்காரர். நாம் எத்தனை டிராகனைக் கொன்றிருந்தாலும், மேல்தெருப் பக்கம் அடிக்கடி வருவதுண்டா என்று கேட்டுவிட்டு, நீ எங்கே வரப்போகிறாய் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். ஆடுகிறவர்கள் அவரை வெறுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஊரில் முதுகெலும்புள்ள ஆள் அவர் ஒருவர்தான்.

நாயகனைச் சுருக்கி ஊரைப் பெரிதாக்க முடியாதா? 2000-இல் நின்டென்டோ அதைச் செய்து காட்டியது. 1998-இல் வந்த அதன் ஆக்கரினா ஆஃப் டைம் என்ற ஆட்டத்தில் நாயகன் லிங்க் காலத்தையே தாண்டிய வீரன். அடுத்து வந்த மஜோராஸ் மாஸ்கில் அவன் டெர்மினா என்ற இடத்துக்கு வழிதவறி வருகிறான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. நிலா கீழே விழுந்துகொண்டிருக்கிறது, 3 நாள்தான் பாக்கி. குறைந்த அவகாசத்தில் செய்த ஆட்டம் என்பதால் முந்தைய ஆட்டத்தின் ஜனங்களின் உருவங்களையே எடுத்து வேறு ஆட்களாக்கினார்கள். தேவைக்குச் செய்த சிக்கனம், அற்புதமாக விளைந்தது. ஒரு சின்ன நகரம், கொஞ்சம் ஜனங்கள். ஒவ்வொருவரும் அந்த 3 நாளும் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று வரையறுத்திருக்கிறது. நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்துக்கொண்டு பின்னாலேயே அலைய வேண்டும்.

அங்கே ஒரு தபால்காரர். ஊரே ஓடுகிறது, அவருக்கும் ஓட ஆசைதான். ஆனால் அட்டவணையில் ஓடுவது என்று எழுதவில்லையே, அதனால் உட்கார்ந்து தவிக்கிறார். மேலதிகாரி ஸ்தானத்தில் உள்ள ஓர் அம்மாள் போகலாம் என்று சொன்ன பிறகுதான் கிளம்புகிறார். வாட்போர் ஆசான் ஒருவர் நிலா வந்தால் இரண்டாக வெட்டுவேன் என்று மார் தட்டுவார். கடைசி இரவில் போய்ப் பார்த்தால் பின்னறையில் முடங்கி, சாக விருப்பமில்லை என்று நடுங்கிக்கொண்டிருப்பார். அஞ்சு என்ற விடுதிப் பெண் காணாமல்போன வருங்காலக் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். அவர்களைச் சேர்த்துவைக்க மூன்று நாளும் சரியாக ஓட வேண்டும். அவர்கள் கைபிடிக்கும்போது நிலா விழ இரண்டு நிமிடம்கூட இருக்காது. பிறகு நாம் முதல் நாளுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பினால் எல்லாம் அழிந்துவிடும். அஞ்சு மறுபடி காத்திருப்பாள். நாம் செய்த உதவி எதுவும் ஒருவர் நினைவிலும் இல்லை, நம்மிடம் ஒரு முகமூடி மட்டும் மிச்சம். பெயர் பரவுவதற்கு வழியே இல்லாத இடத்தில் வீரன் என்ன செய்வான் என்று கேட்டுப்பார்த்த ஆட்டம் அது.

டிராகன் குவெஸ்ட் 5 வேறு பக்கத்திலிருந்து குறும்பு செய்தது. 1992. அப்பா தேடிய 'தீர்க்கதரிசன வீரன்' நாம்தான் என்று நினைத்துக்கொண்டே ஆடுகிறோம். பத்து வருடம் அடிமையாகக் கல் சுமக்கிறோம். கடைசியில் தெய்வ வாள் கைக்கு வந்தால் நம்மால் அதை ஏந்தவே முடியாது. வீரன் நாம் பெற்ற பிள்ளை. அந்த ரத்தமும் நம் வழியில் இல்லை, மனைவி வழி. மூன்று தலைமுறைக் கதையில் நாம் நடுத்தலைமுறை: அப்பாவுக்கு மகன், வீரனுக்கு அப்பா.

இதற்கு நேர் எதிராக, சாமானியனைப் பிடித்துக்கொண்டு தொடங்கிக் கடைசியில் நழுவியதற்கும் உதாரணம் உண்டு. செக் நாட்டு வார்ஹார்ஸ் ஸ்டூடியோவின் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2018-இல் வந்தது. களம் 1403-ஆம் ஆண்டு பொஹீமியா, நாயகன் ஹென்றி ஒரு கொல்லன் மகன். வாள் பிடிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாது, ஓர் எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொள்ளும்வரை புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் குழம்பித்தான் திரையில் தெரியும். இதைவிட அழகாக ஒரு சாமானியனின் இடத்தில் நம்மை உட்காரவைக்க முடியாது. ஆனால் பாதிக் கதை தாண்டியதும் ஹென்றி உண்மையில் ஒரு பிரபுவின் மகன் என்று உடைக்கிறார்கள். கொல்லன் மகனாகவே விட்டிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்?

எழுத்தாளரை நம்பாமல், சாமானியன் புகழ்பெறும் வழியை இயந்திரத்திடமே விட்டவர்களும் உண்டு. மோனோலித் நிறுவனத்தின் ஷேடோ ஆஃப் மோர்டோரில் (2014) கூட்டத்தோடு கூட்டமாக வந்த ஓர் ஓர்க் (எதிரிப் படையின் அரக்க இனத்தான்) நம்மைக் கொன்றுவிட்டால் அவனுக்குப் பதவி உயர்வு. பெயர், பட்டம் எல்லாம் வரும். அடுத்த முறை எதிர்ப்படும்போது போன தடவை உன்னைக் கொன்றவன் நான் என்று நினைவூட்டிவிட்டுத்தான் வாளை ஓங்குவான். நம் தோல்விதான் அவனுடைய வீரக்கதை. இதன் பெயர் நெமெசிஸ் முறை. மோனோலித்தின் உரிமையாளரான வார்னர் நிறுவனம் 2021-இல் இதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டது. 2025-இல் மோனோலித்தையே மூடிவிட்டார்கள். இவ்வளவு அருமையான யோசனை இப்படிப் பெட்டிக்குள் கிடப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் இன்னும் விசித்திரம். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006-இல் வெளியிட்டு, தொடர்ந்து வளர்த்துவரும் ஆட்டம். ஒரு குள்ளர் கோட்டையை நாம் நிர்வகிக்கிறோம். திடீரென்று ஒருநாள் ஒரு சாதாரணத் தோல் தைப்பவனுக்கு ஆவேசம் வரும். பட்டறையைக் கைப்பற்றி, எலும்பு வேண்டும், இன்ன கல் வேண்டும் என்று கேட்பான். கிடைத்தால் பெயர் சூட்டிய ஓர் அபூர்வப் பொருளைச் செய்து முடித்து, தன் தொழிலில் உச்சத் திறனுக்கு ஏறிவிடுவான். அந்த உச்சப் படிக்கே அங்கே புராணத்தகுதி என்றுதான் பெயர். பொருள் கிடைக்காவிட்டால் பித்துப்பிடித்து அழிவான். ஆவேசத்தில் ஒருவகை உண்டு, பேய் பிடித்த வகை. அதில் பொருள் உருவாகும், செய்தவனுக்குத் திறன் கூடாது. ஏனென்றால் செய்தது அவன் இல்லையே! பிறகு வேறொரு குள்ளன் சுவரில் சித்திரம் செதுக்கும்போது இந்தக் கதைகளில் ஏதாவது ஒன்றைச் செதுக்கிவைப்பான். யாரும் எழுதாத புராணம் சுவர் முழுக்க நிறையும்.

சுவரில் செதுக்கியது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை என்பதை டார்க் சோல்ஸ் சொல்லிற்று. 2011-இல் வந்த அந்த ஆட்டத்தில் ஆர்டோரியாஸ் என்ற மாவீரனின் கதை முன்பே நம் காதுக்கு வந்துவிடுகிறது: பாதாள இருளுக்குள் தனியாக இறங்கி அதை அடக்கியவன். அவன் கல்லறையை சிஃப் என்ற பெரிய ஓநாய் காத்துக்கொண்டிருக்கிறது. இருளுக்குள் போக நமக்கு அவனுடைய மோதிரம் வேண்டும், அதற்கு சிஃப்பைக் கொன்றாக வேண்டும். 2012-இல் வந்த கூடுதல் பகுதியில் நாம் அந்தப் பழைய காலத்துக்கே போகிறோம். அங்கே ஆர்டோரியாஸ் ஏற்கெனவே தோற்று, இருளால் புத்தி கலங்கி, ஒரு கை தொங்க நம்மீதே பாய்கிறான். அவனைக் கொல்வதும், உள்ளே போய் இருளின் மூலத்தை அடக்குவதும், அங்கே மாட்டிக்கொண்ட குட்டி ஓநாயைக் காப்பாற்றுவதும் நாம். பேர் மட்டும் அவனுக்குப் போய்ச் சேர்கிறது.

அந்தப் பகுதியை முடித்துவிட்டு, அதன் பிறகு நிகழ்காலக் கல்லறைக்குப் போனால் காட்சி கொஞ்சம் மாறியிருக்கும். சிஃப் நம்மேல் பாய வந்து, நின்று, மோந்து பார்க்கும். நம்மை அடையாளம் தெரிந்துவிடும். ஒரு நீண்ட ஊளை. பிறகு வாளை வாயில் கவ்விக்கொண்டு, சண்டைக்கு நிற்கும்.